பிரிண்டர் நின்றால் யாருக்கு, எந்த வழியில் சொல்வது? மெயில், சாட், எஸ்.எம்.எஸ்., பாப்-அப், மானிட்டரிங்: ஓர் ஒப்பீடு

அச்சு மேலாண்மை மென்பொருளை நிறுவி, பிரிண்டர்களைச் சேர்த்து, பயனர் பட்டியலை இழுத்து, கடைசியாக நோட்டிஃபிகேஷன்ஸ் பக்கத்துக்கு வந்து சேரும்போது யாருக்குமே பொறுமை மிச்சமிருக்காது. அங்கே வரிசையாகக் கட்டங்கள்: பேப்பர் ஜாம், டோனர் குறைவு, பிரிண்டர் ஆஃப்லைன், பயனர் இருப்பு (அச்சிடக் கணக்கில் மிச்சமிருப்பது) குறைவு, டிஸ்க் நிரம்புகிறது, உரிமம் முடிகிறது. எல்லாவற்றிலும் டிக் போட்டு, கீழே தன் மெயில் முகவரியைக் கொடுத்து, சேமித்துவிட்டு எழுந்துவிடுவோம். முதல் வாரம் வருகிற ஒவ்வொரு மெயிலையும் திறந்து பார்ப்போம். மூன்றாவது வாரம் அவற்றைத் தனி ஃபோல்டருக்குத் தள்ள ஒரு ரூல் எழுதுவோம். அதற்கப்புறம் அந்த அறிவிப்புகள் இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

இந்தக் கட்டத்தில் மாட்டிக்கொண்டவர்கள்தான் "மெயிலை விட்டுட்டு டெலிகிராமுக்குப் போயிடலாமா, எஸ்.எம்.எஸ். வாங்கலாமா, எல்லாத்தையும் ஜாபிக்ஸ்ல சேர்த்திடலாமா" என்று கேட்கிறார்கள் (ஜாபிக்ஸ் என்பது சர்வர்களையும் நெட்வொர்க் கருவிகளையும் கண்காணிக்கும் மென்பொருள்). பிரிண்டர்களைப் பார்த்துக்கொள்கிற வேலையில் பல வருடமாக இருக்கிறேன், இந்த வழிகள் எல்லாவற்றையும் ஏதாவது ஒரு காலத்தில் ஓட்டியிருக்கிறேன். வழியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்தாக வேண்டும்: இந்தச் செய்தி வந்தால் நாற்காலியை விட்டு எழுந்து அந்த பிரிண்டரிடம் போகப்போகிறவர் யார்?

## எதை வைத்து எடைபோடுவது

மேலே கேட்டதுதான் முதல் அளவுகோல். ஓர் இடத்தில் இரண்டாவது மாடி பிரிண்டருக்கு பேப்பர் வைப்பது வரவேற்பில் இருந்த ஓர் அக்கா. ட்ரே 2 காலி என்ற மெயில் ஒரு வருடமாக எனக்கும் என் மேலாளருக்கும் மட்டும் வந்துகொண்டிருந்தது, நாங்கள் அதைப் படித்துவிட்டு அவருக்கு போன் செய்வோம். ஒரு நாள் அவரே கேட்டார்: "தம்பி, அது எனக்கே வந்தா நானே வச்சிடுவேனே, நீங்க எதுக்கு நடுவுல?" அன்றைக்கே முகவரியை மாற்றினேன். எந்த மென்பொருளும் மாறவில்லை, எந்த வழியும் மாறவில்லை, அந்த பிரிண்டர் காலியாக நிற்கிற நேரம் மட்டும் கண்ணுக்குத் தெரிய குறைந்தது.

இரண்டாவது, எவ்வளவு நேரத்துக்குள் தெரிய வேண்டும். டோனர் பத்து சதவீதம் என்பதை நாளைக் காலையில் தெரிந்துகொண்டால் போதும். பிரிண்ட் சர்வரில் டிஸ்க் நிரம்பி ஸ்பூலர் (அச்சு வேலைகளை வரிசையில் வைத்து அனுப்பும் பகுதி) நிற்கப்போகிறது என்றால் இப்போதே தெரிய வேண்டும்.

மூன்றாவதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்: எது பழுதாகிறதோ, அதோடு சேர்ந்து அறிவிப்பும் விழுந்துவிடுமா? சர்வரே நின்றால் அந்த சர்வரில் ஓடும் மென்பொருள் எப்படி மெயில் அனுப்பும்? இணைய இணைப்பு போனால் சாட்டுக்கு எது போகும்?

நான்காவது, சத்தம். ஒரு நாளைக்கு எத்தனை வரும், அதில் எத்தனைக்கு நிஜமாகவே கை வைக்க வேண்டியிருக்கும், பழுது சரியானதும் "சரியாகிவிட்டது" என்று ஒரு செய்தி வருமா? கடைசியாகச் சொன்னது இல்லாவிட்டால், காலையில் வந்த பத்து அலர்ட்டில் எது இன்னும் உயிரோடு இருக்கிறது என்று பார்க்க ஒவ்வொரு பிரிண்டராக நடக்க வேண்டியதுதான்.

ஐந்தாவது, பராமரிப்பு. பாஸ்வேர்ட் மாறும், ஆட்கள் மாறுவார்கள், போன் நம்பர் மாறும். அப்புறம் அந்தரங்கம்: அறிவிப்பில் ஆவணத்தின் பெயரும் பயனர் பெயரும் சேர்ந்து போகிறதா என்று பாருங்கள். "ராஜினாமா கடிதம்" என்ற கோப்புப் பெயரோடு ஓர் அலர்ட் பத்துப் பேர் இருக்கும் குரூப்பில் விழுந்தால் அதைத் திரும்ப எடுக்க முடியாது.

## நிகழ்வுகளை முதலில் பிரித்துவிடுங்கள்

எல்லா நிகழ்வுக்கும் ஒரே வழியைத் தேடுவதால்தான் பாதிக் குழப்பம். நான் நான்கு கூடைகளாகப் பிரிப்பேன். பிரிண்டர் நின்றுபோவது (ஜாம், பேப்பர் இல்லை, கதவு திறந்திருக்கிறது) முதல் கூடை. தீர்ந்துகொண்டிருப்பவை (டோனர், டிரம், வேஸ்ட் பெட்டி) இரண்டாவது. பயனரைப் பற்றியவை (இருப்பு குறைவு, வேலை மறுக்கப்பட்டது, வேலை காத்திருக்கிறது) மூன்றாவது. மென்பொருளும் சர்வரும் நான்காவது: டிஸ்க், உரிமம், பேக்அப், பயனர் பட்டியல் ஒத்திசைவு.

முதல் இரண்டு கூடைகளுக்கும் தகவல் பெரும்பாலும் எஸ்.என்.எம்.பி. (நெட்வொர்க் கருவிகளின் நிலையைக் கேட்டறியும் முறை) வழியாகத்தான் வருகிறது. மென்பொருள் யு.டி.பி. 161ஆம் போர்ட்டில் பிரிண்டரைக் கேட்கிறது, பிரிண்டர் பதில் சொல்கிறது. பிரிண்டர்களுக்கென்று ஒரு பொது எம்.ஐ.பி. (என்னென்ன விவரங்களைக் கேட்கலாம் என்ற பட்டியல்) 1995இல் வந்து 2004இல் புதுப்பிக்கப்பட்டது, இன்றைக்கும் எல்லோரும் படிப்பது அதைத்தான். அதில் டோனர் அளவு என்று ஒரு மதிப்பு உண்டு. அது எப்போதும் சதவீதமாக வரும் என்று நம்பிவிடாதீர்கள். −2 வந்தால் "தெரியாது" என்று பொருள், −3 வந்தால் "கொஞ்சம் இருக்கிறது, எவ்வளவு என்று சொல்ல முடியாது" என்று பொருள். மென்பொருளோ உங்கள் ஸ்கிரிப்ட்டோ இந்த −3ஐப் பத்தைவிடக் குறைந்த எண் என்று எடுத்துக்கொண்டால், புது டோனர் போட்ட மறுநிமிடமே டோனர் தீர்ந்துவிட்டது என்று அலர்ட் வரும். வேஸ்ட் டோனர் பெட்டியிலும் சின்ன பிரிண்டர்களிலும் இதை அடிக்கடி பார்க்கலாம்.

டோனர் குறைவுக்கான எல்லையையும் அப்படியே விட்டுவிடாதீர்கள். 2,500 பக்கம் என்று பெட்டியில் போட்டிருக்கும் கருப்பு கார்ட்ரிட்ஜில் பத்து சதவீதம் என்றால் ஏறக்குறைய 250 பக்கம், அதுவும் பக்கத்தில் ஐந்து சதவீதம்தான் மை விழுகிறது என்ற கணக்கில். ஒரு நாளைக்கு 20 பக்கம் அடிக்கும் பிரிண்டருக்கு அது பன்னிரண்டு நாள். 400 பக்கம் அடிக்கும் பிரிண்டருக்கு மதியத்துக்குள் முடிந்துவிடும். எல்லா பிரிண்டருக்கும் ஒரே எல்லை வைத்தால் ஒன்று தாங்க முடியாத சத்தம், இல்லாவிட்டால் டோனர் தீர்ந்தபின் வரும் செய்தி.

## ஒரே பார்வையில்

| வழி | வேகம் | எதனோடு சேர்ந்து விழும் | மறைந்திருக்கும் செலவு | எந்தக் கூடைக்கு |
|---|---|---|---|---|
| மென்பொருள் அனுப்பும் மெயில் | சில நிமிடம் | சர்வர், மெயில் கணக்கு | பாஸ்வேர்ட் புதுப்பிப்பு, வெள்ளம் | 2, 4 |
| பிரிண்டரே அனுப்பும் மெயில் | சில நிமிடம் | மெயில் கணக்கு | ஒவ்வொரு பிரிண்டரிலும் தனி அமைப்பு | ஒன்றிரண்டு பிரிண்டர் |
| சாட் | சில நொடி | இணையம், வெப்ஹுக் முகவரி (குரூப்புக்குச் செய்தி அனுப்பும் வலை முகவரி) | ரகசிய முகவரி, தளத்தின் விதி மாற்றம் | 1 |
| எஸ்.எம்.எஸ். | சில நொடி | இணைய வழி சேவையானால் இணையம் | ஒவ்வொன்றுக்கும் கட்டணம் | 4இல் அவசரமானவை |
| பயனர் திரையில் பாப்-அப் | உடனே | சர்வர் | எல்லாக் கணினியிலும் கிளையன்ட் | 3 |
| மானிட்டரிங் | சுற்று இடைவெளியைப் பொறுத்து | தனி சர்வரானால் தனித்து நிற்கும் | கற்றுக்கொள்ளும் நேரம் | 1, 4 |

## மென்பொருளே அனுப்பும் மெயில்

எல்லோரும் தொடங்கும் இடம், பலருக்கு முடியும் இடமும் இதுதான். அதில் தவறு ஒன்றுமில்லை. பேப்பர்கட் மாதிரி மென்பொருளில் ஆப்ஷன்ஸ் பக்கத்திலேயே நோட்டிஃபிகேஷன்ஸ் என்று ஒரு பகுதி இருக்கிறது, எஸ்.எம்.டி.பி. (மெயில் அனுப்பும்) சர்வர், போர்ட், கணக்கு, பாஸ்வேர்ட் கொடுத்துவிட்டால் வேலை ஆரம்பித்துவிடும். போர்ட்டில் குழப்பம் வேண்டாம்: 587 அல்லது 465 எடுத்துக்கொள்ளுங்கள், 25 என்பது உங்கள் சொந்த நெட்வொர்க்குக்குள் ரிலே (மெயிலை வாங்கி வெளியே அனுப்பும் சர்வர்) இருந்தால் மட்டும்.

பெரிய பலம், மெயில் தங்கும். டோனர் குறைவு, உரிமம் முடிகிறது, இரவு பேக்அப் தோற்றது மாதிரி நிதானமாகப் பார்க்க வேண்டியவை மெயிலில் இருந்தால் தேடி எடுக்கலாம், இன்னொருவருக்கு ஃபார்வர்ட் செய்யலாம், டோனர் வாங்குகிறவருக்கு நேராகவே போகவைக்கலாம்.

மறைந்திருக்கும் செலவு மெயில் கணக்கில் இருக்கிறது. ஜிமெயிலில் தனிநபர் கணக்குகளுக்கு 2022 மே 30 முதல் வெறும் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து உள்நுழையும் பழைய முறையை கூகுள் நிறுத்திவிட்டது, அன்றைக்கு எத்தனையோ பிரிண்டர்களும் சர்வர்களும் சத்தமில்லாமல் வாயை மூடிக்கொண்டன. இப்போது இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கி, ஆப் பாஸ்வேர்ட் எடுத்துக் கொடுக்க வேண்டும். அலுவலக மெயில் சேவைகளிலும் வெறும் பாஸ்வேர்ட் முறை கொஞ்சம் கொஞ்சமாக மூடப்பட்டுக்கொண்டே வருகிறது. அதனால் புதிதாக அமைக்கிறவர்கள் மென்பொருள் ஓ.ஆத் முறையில் (பாஸ்வேர்டுக்குப் பதில் டோக்கன் வைத்து) மெயில் அனுப்புமா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். அறிவிப்பு அனுப்பும் கணக்குக்கு நிறுவன விதிப்படி பாஸ்வேர்ட் காலாவதியாகிவிட்டது. அன்றிலிருந்து ஒரு மெயில்கூட வரவில்லை. நான் என்ன நினைத்தேன் தெரியுமா, போன வாரம் சத்தத்தைக் குறைக்க எல்லைகளை மாற்றினோமே, அது நன்றாக வேலை செய்கிறது என்று. பதினேழு நாள். பதினெட்டாவது நாள் காலை எட்டரைக்கு ஒரு கட்டடம் முழுவதும் பிரிண்ட் வரவில்லை. சர்வரைத் திறந்தால் ஸ்பூல் ஃபோல்டர் இருந்த டிஸ்க்கில் ஒரு எம்.பி. இடமில்லை. மென்பொருளின் லாகில் டிஸ்க் குறைகிறது என்ற எச்சரிக்கை பன்னிரண்டு நாளாக வரிசையாக இருந்தது, ஒவ்வொன்றுக்கும் கீழே மெயில் அனுப்ப முடியவில்லை என்று இன்னொரு வரி. சொல்ல வேண்டியதைச் சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. எங்கள் காதுக்குத்தான் வரவில்லை.

அதற்கப்புறம் நான் எங்கே மெயில் அறிவிப்பு அமைத்தாலும் தினமும் காலையில் ஒரு சின்ன அறிக்கை மெயிலும் சேர்த்து வைக்கிறேன். நேற்றைய பக்க எண்ணிக்கை, ஏதோ ஒன்று. பெரும்பாலான மென்பொருளில் திட்டமிட்ட அறிக்கை வசதி இருக்கும், அதை வைத்தே இதைச் செய்துவிடலாம். அந்த மெயில் வராத நாள்தான் எனக்கு அலர்ட்.

வெள்ளத்தைத் தடுக்க ஒரே ஓர் அமைப்பு போதும்: தாமதம். பிழை வந்தவுடன் அனுப்பாமல், பத்து நிமிடமாக அதே பிழை நீடித்தால் அனுப்பு என்று வையுங்கள். பேப்பர் வைக்க ட்ரேயை இழுப்பவர், டோனர் மாற்றக் கதவைத் திறப்பவர், இவர்களெல்லாம் இரண்டு நிமிடத்தில் மூடிவிடுவார்கள். ஆஃப்லைன் என்பதற்கு இன்னும் நீளமாக வையுங்கள், ஏனென்றால் சில பிரிண்டர்கள் ஆழ்ந்த தூக்க நிலைக்குப் போனால் எஸ்.என்.எம்.பி. கேள்விக்குப் பதிலே சொல்லாது, மென்பொருள் அது செத்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளும், யாராவது ஒரு பக்கம் அனுப்பினால் உயிர்த்தெழும், மறுபடி தூங்கும். ஒரே இரவில் நாற்பது மெயில் இப்படித்தான் வருகிறது.

எப்போது மெயில் சரி: ஒரே ஆள், அல்லது ஒரு சிறு குழு, எல்லோரும் மெயிலை வேலை நேரத்தில் திறந்துவைத்திருப்பவர்கள், பிரிண்டர் அரை மணி நேரம் நின்றால் யாருக்கும் பெரிய நஷ்டமில்லை. முகவரி மட்டும் தனிநபர் பெயரில் வேண்டாம், ஒரு குரூப் முகவரி உருவாக்கிக்கொள்ளுங்கள். ஆள் மாறும்போது மென்பொருளைத் தொடாமல் குரூப்பை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

## பிரிண்டரே அனுப்பும் மெயில்

அலுவலக பிரிண்டர்கள் பலவற்றில் உள்ளேயே ஒரு வலைப்பக்கம் உண்டு, ஐ.பி. முகவரியை பிரவுசரில் அடித்தால் திறக்கும், அதிலும் மெயில் அலர்ட் வைக்கலாம். சர்வர் இல்லாமலே வேலை செய்யும் என்பது நல்ல விஷயம். ஆனால் முப்பது பிரிண்டர் இருந்தால் முப்பது இடத்தில் பாஸ்வேர்ட் மாற்ற வேண்டும், பழைய மாடல்கள் இன்றைய டி.எல்.எஸ். (மறையாக்க இணைப்பு) பதிப்பைப் பேசாது என்பதால் மெயில் சர்வர் கதவைச் சாத்திவிடும், ஒவ்வொரு பிரிண்டரும் ஒரே பிழையை ஒவ்வொரு வாக்கியத்தில் சொல்லும். மூன்று பிரிண்டர்வரை சரி. அதற்கு மேல் வேண்டாம்.

மென்பொருளிலும் பிரிண்டரிலும் இரண்டிலும் வைத்துவிடாதீர்கள். ஒரு ஜாமுக்கு இரண்டு மெயில் வந்தால் மக்கள் இரண்டையுமே படிப்பதை நிறுத்திவிடுவார்கள்.

## சாட் குரூப்புக்கு

ஸ்லாக், டீம்ஸ், டெலிகிராம், எதுவானாலும் உள்ளே நடப்பது ஒன்றுதான்: ஒரு வலை முகவரிக்கு மென்பொருளோ ஸ்கிரிப்ட்டோ ஒரு சிறு செய்தியை அனுப்புகிறது, அது குரூப்பில் விழுகிறது. பிரிண்டர் நின்றுபோகும் முதல் கூடைக்கு இதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தெரியவில்லை, காரணம் வேகம்கூட இல்லை. "3ஆம் மாடி, ஜாம்" என்று விழுந்ததும் அந்த மாடியில் இருப்பவர் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு எழுந்துபோவார். மற்ற ஐந்து பேருக்கும் யாரோ போய்விட்டார் என்று தெரிந்துவிடுகிறது. மெயிலில் இது நடக்காது. ஆறு பேருக்கும் மெயில் போகும், ஒன்று ஆறு பேரும் போவார்கள், இல்லாவிட்டால் இன்னொருவர் போயிருப்பார் என்று ஆறு பேரும் உட்கார்ந்திருப்பார்கள்.

ஆனால் இங்கே மறைந்திருக்கும் செலவுகள் அதிகம். வெப்ஹுக் முகவரியே சாவி. அது கையில் கிடைத்த யாரும் உங்கள் குரூப்பில் செய்தி போடலாம், டெலிகிராம் பாட் டோக்கனும் அப்படித்தான். ஸ்கிரிப்ட்டுக்குள் அதை எழுதிவைத்து, அந்த ஸ்கிரிப்ட்டைப் பொதுவான ஷேர் ஃபோல்டரில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள். அடுத்து, பிரிண்ட் சர்வர் பல இடங்களில் இணையத்துக்கு வெளியே போக அனுமதி இல்லாத இடத்தில் இருக்கும், அது நல்ல பழக்கம்தான். அதைத் திறக்கும் முன் நெட்வொர்க் ஆட்களிடம் அந்த ஒரு தளத்துக்கு 443ஆம் போர்ட் மட்டும் போதும் என்று தெளிவாகக் கேளுங்கள்.

தளத்துக்காரர் விதியை மாற்றுவார் என்பதையும் கணக்கில் வையுங்கள். டீம்ஸில் எல்லோரும் பயன்படுத்திவந்த பழைய கனெக்டர்களை ஓய்வுபெறச் செய்யப்போவதாக 2024 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது, எல்லோரும் வொர்க்ஃப்ளோஸுக்கு மாற வேண்டியதானது. அளவுக் கட்டுப்பாடும் உண்டு. ஸ்லாக் வெப்ஹுக்குக்கு நொடிக்கு ஒன்று என்ற கணக்கு, டெலிகிராம் பாட் ஒரு குரூப்பில் நிமிடத்துக்கு இருபது செய்திக்கு மேல் போட முடியாது. சாதாரண நாளில் இது ஒரு பொருட்டே இல்லை. ஒரு ஸ்விட்ச் விழுந்து நாற்பது பிரிண்டரும் ஒரே நேரத்தில் ஆஃப்லைன் ஆகிற நாளில்தான் இடிக்கும், அந்த நாளில்தான் அறிவிப்பும் தேவைப்படும்.

அப்புறம், மென்பொருளில் வெப்ஹுக் வசதி நேரடியாக இல்லாமல் இருக்கலாம். டீம்ஸில் ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு மெயில் முகவரி எடுக்க முடியும், நோட்டிஃபிகேஷன் மெயிலை அங்கே திருப்பிவிட்டால் ஸ்கிரிப்ட் இல்லாமலே வேலை முடிந்தது. பார்க்க அவ்வளவு அழகாக இருக்காது, ஆனால் நாளைக்கு நீங்கள் வேறு வேலைக்குப் போனாலும் அடுத்தவருக்குப் புரியும்.

எப்போது சாட் சரி: பல மாடி, பல ஆள், எல்லோரும் ஏற்கெனவே அந்த சாட்டில் இருப்பவர்கள். அலர்ட்டுக்கென்று தனி சேனல் வையுங்கள், பேச்சு நடக்கும் குரூப்பில் போடாதீர்கள். பயனர் பெயரையும் ஆவணப் பெயரையும் செய்தி வடிவத்திலிருந்து எடுத்துவிடுங்கள், பிரிண்டர் பெயரும் இடமும் பிழையும் போதும். இடம் கட்டாயம் இருக்க வேண்டும். பிரிண்டர் பெயர் மாடல் எண்ணாக இருந்தால் முதலில் பெயரை மாற்றுங்கள், "2ஆம் மாடி கணக்குப் பிரிவு" என்று படித்தவுடன் கால் தானாக அந்தப் பக்கம் திரும்ப வேண்டும்.

## எஸ்.எம்.எஸ்.

ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஒருவரை எழுப்ப வேண்டும் என்றால் மட்டும். டோனர் குறைவுக்கு எஸ்.எம்.எஸ். வைத்தால் முதல் மாதக் கட்டணத்திலேயே நிறுத்திவிடுவீர்கள்.

தமிழில் அனுப்ப நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஆங்கில எழுத்தில் ஒரு எஸ்.எம்.எஸ்ஸுக்கு 160 இடம், தமிழில் 70தான். அதுவும் கண்ணுக்குத் தெரிகிற எழுத்துக் கணக்கு கிடையாது: "பிரிண்டர்" என்பது நமக்கு ஐந்து எழுத்து, கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனியாக எண்ணப்படுவதால் அங்கே ஒன்பது இடம். "3ஆம் மாடி, கணக்குப் பிரிவு பிரிண்டர் நின்றுவிட்டது" என்பதற்கு ஐம்பது இடம் போய்விடும். எழுபதைத் தாண்டினால் இரண்டு எஸ்.எம்.எஸ். கட்டணம். அதனால் செய்தியை முதலில் எழுதி எண்ணிப் பார்த்துவிட்டு வையுங்கள்.

எந்த நிறுவனத்தில் இரவில் அச்சு ஓடுகிறதோ, நின்றால் மறுநாள் காலை வேலையே நடக்காதோ, அங்கே நான்காவது கூடையிலிருந்து இரண்டே இரண்டு நிகழ்வுக்கு: சர்வர் நின்றது, டிஸ்க் நிரம்பியது.

## பயனர் திரையில் பாப்-அப்

மூன்றாவது கூடைக்கு வேறு எதுவும் ஈடாகாது. ஒருவர் முப்பது பக்கம் அனுப்புகிறார், இருப்பு போதவில்லை, வேலை மறுக்கப்படுகிறது. அவருக்கு மெயில் போனால் அவர் அப்போது பிரிண்டர் பக்கத்தில் நின்று ட்ரேயைத் தட்டிக்கொண்டிருப்பார். திரையில் உடனே ஒரு பெட்டி வந்தால் நாற்காலியிலேயே தெரிந்துவிடும். எங்கே போய் கார்டு தட்டினாலும் எடுத்துக்கொள்ளலாம் என்ற முறையில் வேலைகளை நிறுத்திவைக்கிற இடங்களில் "உங்கள் வேலை காத்திருக்கிறது, எடுக்காவிட்டால் அழிந்துவிடும்" என்ற நினைவூட்டலும் இப்படித்தான் போக வேண்டும்.

செலவு கிளையன்ட் மென்பொருளில். எல்லாக் கணினியிலும் போட வேண்டும், அது தொடக்கத்திலேயே ஓட வேண்டும், புதிய பதிப்பு வரும்போது மாற்ற வேண்டும். கைப்பேசியிலிருந்து அச்சிடுபவருக்கு இது போய்ச் சேராது, அவர்களுக்கு மெயில் மட்டும்தான். வெற்றிகரமாக முடிந்த ஒவ்வொரு வேலைக்கும் பாப்-அப் காட்டும் அமைப்பை அணைத்துவிடுங்கள். பத்துத் தடவை "அச்சிடப்பட்டது" என்று பார்த்த கை, பதினொன்றாவது தடவை "மறுக்கப்பட்டது" என்று வந்தாலும் படிக்காமலே மூடும்.

செய்தியில் அடுத்து என்ன செய்வது என்று எழுதுங்கள். "பிழை: வேலை நிராகரிப்பு" என்பதைப் பார்த்து உதவி மையத்துக்குத்தான் போன் வரும். "உங்கள் இருப்பு போதவில்லை. நிரப்பிவிட்டு மறுபடி அனுப்புங்கள்" என்றால் பாதி போன் குறையும். இயல்பாக இருக்கும் வாக்கியங்களை மாற்றி எழுத மென்பொருள்கள் இடம் தருகின்றன, அந்த ஒரு மணி நேரத்தைச் செலவழியுங்கள்.

## மானிட்டரிங் மென்பொருளில் சேர்ப்பது

ஜாபிக்ஸ், நேகியோஸ், பி.ஆர்.டி.ஜி. மாதிரி ஏதாவது ஏற்கெனவே சர்வர்களுக்காக ஓடிக்கொண்டிருந்தால், பிரிண்டர்களையும் அதில் சேர்ப்பது நல்ல யோசனை. இதற்காகவே புதிதாக நிறுவப்போகிறீர்கள் என்றால், ஐம்பது பிரிண்டருக்குக் கீழே இருந்தால் யோசியுங்கள்.

இதன் உண்மையான மதிப்பு, வெளியிலிருந்து பார்க்கிறது. அச்சு மென்பொருள் நின்றுவிட்டதா, அதன் வலைப்பக்கம் பதில் சொல்கிறதா, ஸ்பூலர் ஓடுகிறதா, டிஸ்க்கில் எவ்வளவு இடம், இதையெல்லாம் வேறொரு சர்வரில் இருந்து கேட்கிறது. என் பதினேழு நாள் கதை இங்கே நடந்திருக்காது. இன்னொன்று, சார்பு. ஸ்விட்ச் விழுந்தால் அதன் பின்னால் இருக்கும் இருபது பிரிண்டருக்கும் தனித்தனி அலர்ட் வராமல் ஸ்விட்ச்சுக்கு ஒன்று மட்டும் வரும்படி சொல்லிவைக்கலாம். சரியானதும் சரியாகிவிட்டது என்று தானாகவே சொல்லும், இத்தனை நிமிடம் யாரும் எடுக்காவிட்டால் அடுத்தவருக்குப் போ என்றும் வைக்கலாம்.

ட்ராப்பா, போலிங்கா என்ற கேள்வி இங்கே வரும். ட்ராப் என்றால் பிரிண்டர் தானாகவே 162ஆம் போர்ட்டுக்குச் சொல்வது, உடனே வரும். ஆனால் அது யு.டி.பி.யில் போகிறது, போய்ச் சேர்ந்ததா என்று பிரிண்டருக்குத் தெரியாது, தொலைந்தால் தொலைந்ததுதான். போலிங் என்றால் நாம் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை கேட்பது, மிஞ்சிப்போனால் ஐந்து நிமிடம் தாமதம். பேப்பர் ஜாமுக்கு ஐந்து நிமிடம் என்ன பெரிய விஷயம்? நான் போலிங்தான் வைப்பேன்.

எஸ்.என்.எம்.பி.யில் பாஸ்வேர்ட் மாதிரி இருக்கும் கம்யூனிட்டி பெயர் "பப்ளிக்" என்றே இருந்தால் இந்தச் சாக்கில் மாற்றுங்கள், முடிந்தால் மூன்றாம் பதிப்புக்குப் போய்விடுங்கள். மாற்றும்போது அச்சு மென்பொருளிலும் அதே பெயரை மாற்ற மறந்தால் அன்றிலிருந்து அங்கே டோனர் விவரம் வராது.

## விண்டோஸிலும் கப்ஸிலும் ஏற்கெனவே இருப்பது

தனி மென்பொருள் வாங்காமல் சமாளிக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு. விண்டோஸின் பிரிண்ட் மேனேஜ்மென்ட் கன்சோலில் ஒரு கஸ்டம் ஃபில்டர் உருவாக்கி, அதில் ஏதாவது விழுந்தால் மெயில் அனுப்பு அல்லது ஸ்கிரிப்ட் ஓட்டு என்று வைக்கலாம். மெயில் பகுதியில் பெயர், பாஸ்வேர்ட் கொடுக்க இடமே கிடையாது, அதனால் உள் ரிலே இல்லாதவர்களுக்கு ஸ்கிரிப்ட்தான் வழி. ஒவ்வொரு அச்சும் 307 என்ற எண்ணில் பதிவாகும் பிரிண்ட் சர்வீஸ் ஆபரேஷனல் லாகும் உண்டு, அதை நீங்கள்தான் இயக்க வேண்டும், தானாக ஓடாது.

லினக்ஸ் பக்கம் அச்சு அமைப்பான கப்ஸில் மெயிலுக்கும் ஆர்.எஸ்.எஸ்ஸுக்கும் அறிவிப்பு நிரல்கள் கூடவே வருகின்றன. ஒரு பொறி மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: பிரிண்டருக்கு வைக்கும் சந்தாவின் இயல்பான ஆயுள் 86,400 நொடி, அதாவது ஒரே நாள். கால அளவைச் சொல்லாமல் வைத்துவிட்டு, நேற்று வந்தது இன்று ஏன் வரவில்லை என்று லாகைத் தோண்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். பத்து பிரிண்டர், ஸ்கிரிப்ட் எழுதப் பயப்படாத ஒருவர், பக்கக் கணக்கு தேவையில்லை என்றால் இவையே போதும்.

## சரி, எதை எடுப்பது

நீங்கள் ஒரே ஆள், பத்துக்குள் பிரிண்டர்: மெயில், பத்து நிமிடத் தாமதம், தினசரி அறிக்கை. வேறு எதுவும் தொடாதீர்கள். பேப்பர் வைப்பவர் வேறு ஆளானால் பேப்பர் நிகழ்வு மட்டும் அவருக்கு நேராக.

மூன்று நான்கு பேர், பல மாடி: பிரிண்டர் நின்றால் சாட், டோனரும் உரிமமும் மெயிலில், பயனருக்குப் பாப்-அப்.

மாணவர்கள் மாதிரி நூற்றுக்கணக்கான பயனர்கள் இருப்பு வைத்து அச்சிடும் இடம்: முதல் வேலை பாப்-அப்பும் அதன் வாக்கியங்களும். உதவி மையத்துக்கு வரும் தொல்லையில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது, பிரிண்டர் பழுதிலிருந்து வருவது குறைவு.

ஐம்பதுக்கு மேல் பிரிண்டர், மானிட்டரிங் ஏற்கெனவே இருக்கிறது: பிரிண்டர் நிலையும் சர்வரும் அங்கே போகட்டும், அச்சு மென்பொருளில் பிரிண்டர் பிழை அறிவிப்பை அணைத்துவிட்டு பயனர் அறிவிப்புகளை மட்டும் வையுங்கள். பராமரிப்பை வெளி நிறுவனம் செய்கிறது என்றால் டோனர் செய்தி அவர்களுக்குப் போகட்டும், ஜாம் செய்தி போக வேண்டாம். அவர்கள் கிளம்பி வருவதற்குள் உங்கள் ஆளே அந்தத் தாளை உருவியிருப்பார்.

எதை வைத்தாலும் அன்றைக்கே சோதியுங்கள். ஒரு பிரிண்டரின் ட்ரேயை வெளியே இழுத்துவிட்டு, ஒரு பக்கம் அனுப்பிவிட்டு, கடிகாரத்தைப் பாருங்கள். செய்தி யாருக்கு வந்தது, எத்தனை நிமிடத்தில் வந்தது, ட்ரேயை உள்ளே தள்ளியதும் சரியாகிவிட்டது என்று வந்ததா, குறித்துவையுங்கள். அப்புறம் மெயில் பாஸ்வேர்டில் ஓர் எழுத்தை வேண்டுமென்றே மாற்றிவிட்டு யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்குப் போங்கள். மறுநாள் காலை பத்து மணிக்குள், ஏன் இன்னும் அறிக்கை வரவில்லை என்று உங்கள் குழுவில் யாராவது ஒருவர் கேட்கிறாரா என்று பாருங்கள்.